வெள்ளச்சி மேல் பட்ட வாழைக்கறை

வெள்ளை வேட்டி கட்டுறவனுக்கும் வெள்ளை நாய் வளக்குறவனுக்கும் கவலை ஒண்ணுதான். எங்க உக்காந்தோம், எதுல சாஞ்சோம், யாரை உரசிட்டு வந்தோம்னு ஊருக்கே தெரிஞ்சிரும். வேட்டியையாவது அவுத்துத் துவைக்கப் போடலாம். நாயை அப்படிப் போட முடியாது. போன மாசி மாசம் எங்க வெள்ளச்சியை நாய்க் கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி 24 நாள் நாங்க பட்ட பாட்டை இன்னைக்கு எழுதலாம்னு உக்காந்திருக்கேன். வெள்ளை நாய் வெச்சிருக்கிறவங்களுக்கு ஏதாவது ஒண்ணு உதவும்.

வெள்ளச்சி ராஜபாளையம் சாதி. வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன், இது எங்க பக்கத்து நாய். உயரமான கட்டு, ஒட்டுன வயிறு, நீளமான கால், குட்டையான முடி. உடம்பு பூராவும் பால் வெள்ளை. மூக்கு மட்டும் ரோஸ் கலர். காவலுக்கும் வேட்டைக்கும் வளத்தது. 2005-ல தபால்துறை நம்ம நாட்டு நாய்களுக்குத் தபால்தலை போட்டப்ப, அதுல ராஜபாளையமும் ஒண்ணு. அந்த வெள்ளைதான் இதோட பேரும் புகழும். அதைக் காப்பாத்துறதுதான் வளக்குறவனுக்குத் தலைவலியும்.

நாய் என்னோடது இல்ல. என் தங்கச்சி மகனோடது. அவன் டவுனுக்குப் பக்கத்துல பேண்டேஜ் துணி வெளுக்குற பட்டறையில வேலை பாக்குறான். எங்க வட்டாரத்துல அந்தத் தொழில் நிறைய. ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டுற துணி இங்க இருந்துதான் எங்கெங்கயோ போகுது. வாடகை வீடு, பக்கத்துல ஒட்டி ஒட்டி வீடுக, நாய் வளக்க இடமில்ல. அதனால வெள்ளச்சி குட்டியில இருந்து என் தோப்புலதான் கிடக்கா. மலையடிவாரத்துல ரெண்டு ஏக்கர், ஒண்ணரை ஏக்கர்ல வாழை, மிச்சம் தென்னை. ராத்திரிக்கு அவதான் காவல்.

மருமகனுக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. பட்டறையில ஆசிட், காரம், மருந்துத் தண்ணின்னு நின்னு நின்னு அவனுக்குக் கை தோல் உரிஞ்சு போச்சு. அந்த வேலையை விட்டுட்டு நல்ல சாதி ராஜபாளையம் வளத்து, குட்டி வித்துப் பொழைக்கலாம்னு ஆசை. கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தர் வெள்ளச்சியைப் பாத்துட்டு, "கண்காட்சியில ஒரு இடம் வாங்கட்டும் தம்பி, முதல் ஈத்துல ரெண்டு குட்டிக்கு இப்பவே அட்வான்ஸ் தாரேன்"னு சொல்லிட்டுப் போயிருந்தாரு. தங்கச்சி புருஷன் இறந்து ஆறு வருஷம். அந்த வீட்டுக்கு அந்த அட்வான்ஸ் பெரிய காசு.

இந்த நேரத்துலதான் தார் வெட்டு வந்துச்சு.

வாழைத்தார் வெட்டுறதைப் பாத்தவங்களுக்குத் தெரியும். காம்புல அருவாளைப் போட்ட உடனே தண்ணி மாதிரி சொட்டும். பாக்க ஒண்ணும் தெரியாது, பச்சைத் தண்ணி மாதிரிதான் இருக்கும். காத்துப் பட்டு நேரமாக ஆகத்தான் அது தன் நிறத்தைக் காட்டும். முதல்ல லேசான பழுப்பு, அப்புறம் காப்பிக் கலர், கடைசியில கருப்பு. அதனாலதான் வாழை விவசாயி எவனும் தோப்புக்கு நல்ல துணி கட்டிட்டுப் போக மாட்டான். ஏற்கெனவே கறை பட்ட ஒரு கைலி, ஒரு சட்டையைத் தோப்புக்குன்னே ஒதுக்கி வெச்சிருப்பான். வெட்டுக்கு வந்த ஆளுக வெட்டின தாரை வரப்பு மேல அடுக்கிட்டு இருந்தாங்க. மத்தியான வெயிலுக்கு வெள்ளச்சி அந்தத் தார் நிழல்ல போயி படுத்திருக்கா. சாயங்காலம் லோடு ஏத்தி வண்டி கிளம்புனதுக்கு அப்புறம் எந்திரிச்சு வந்தா. வலது தொடையில என் உள்ளங்கை அகலத்துக்குக் காப்பிக் கலர்ல ஒரு கறை. கழுத்துக்குக் கீழ நாலஞ்சு சொட்டு.

கழுத்துல இருந்தது அப்பத்தான் பட்ட பச்சைக் கறை. குடம் குடமாத் தண்ணி ஊத்தித் தேய்ச்சதுல போயிருச்சு. வாழைக்கறைக்கு உள்ள ஒரே நல்ல வைத்தியம் அதுதான், காயறதுக்குள்ள தண்ணியை ஊத்திரணும். தொடையில இருந்தது மத்தியானமே பட்டுக் காஞ்சு போன கறை. அது அசையல.

என் வீட்டுக்காரி பாத்துட்டுச் சொன்னா, "வாழைக்கறை பட்ட வேட்டி மறுபடி கல்யாணத்துக்குப் போனதை நீங்க பாத்திருக்கீகளா?" முப்பது வருஷமா என் துணியைத் துவைக்கிறவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.

ஞாயித்துக்கிழமை மருமகன் வந்தான். நாயைப் பாத்தவன் மொகம் செத்துப் போச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் தானே ஒரு முடிவுக்கு வந்தவன் மாதிரி, "மாமா, நான் பாக்குற வேலையே வெளுக்குறதுதானே. சாக்கு நிறத்துல வர்ற துணியைப் பால் மாதிரி ஆக்கி அனுப்புறோம். இந்த ஒரு கை அகலத்தை வெளுக்க முடியாதா? நாளைக்குக் கொஞ்சம் மருந்து எடுத்துட்டு வாரேன்"னான்.

அவன் சொன்னதுல ஒரு நியாயம் இருக்கிற மாதிரித்தான் யாருக்கும் தோணும். அதனால வாயால சொல்லிப் பிரயோசனம் இல்லன்னு நான் ஒரு வேலை பண்ணினேன். குடிதண்ணித் தொட்டிக்குப் போட வெச்சிருந்த பிளீச்சிங் பவுடர் வீட்டுல இருந்துச்சு. ரெண்டு கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் பவுடரைக் கரைச்சேன். ஒண்ணுல அவன் பட்டறைப் பேண்டேஜ் துணி ஒரு துண்டு. இன்னொண்ணுல வெள்ளச்சியைச் சீவினப்ப வந்த முடி ஒரு கொத்து. திண்ணையில வெச்சுட்டு, "காலையில பாப்போம் மாப்ள, இன்னைக்கு இங்கயே படு"ன்னேன்.

அரை மணி நேரத்துலயே முடி லேசா மஞ்சள் அடிச்சிருச்சு. காலையில பாத்தா துணி அப்படியே வெள்ளையா மிதக்குது. முடி இருந்த டம்ளர்ல பாதிக்கு மேல முடியைக் காணோம். மிச்சம் இருந்ததைக் குச்சியால எடுத்தா கஞ்சி மாதிரி வழுக்கிக்கிட்டு வருது.

விஷயம் இதுதான். பஞ்சு செடியில விளையிறது. முடி உடம்புல விளையிறது. முடி, நகம், ஆட்டு ரோமம், பட்டு எல்லாமே புரதம். குளோரின் பஞ்சை வெளுக்கும், புரதத்தை மஞ்சளாக்கி அரிச்சுரும். பட்டுச் சேலையில பிளீச்சிங் படக் கூடாதுங்கிறது அதுக்குத்தான். முடிக்கே இந்தக் கதின்னா அதுக்குக் கீழ இருக்கிற தோல் என்னாகும்? வெள்ளச்சிக்குத் தோலும் ரோஸ் கலரு, மெல்லிசு.

மருமகன் அந்த டம்ளரை ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தான். அப்புறம் தன் கையைத் திருப்பிப் பாத்தான். நான் ஒண்ணும் சொல்லல.

"அப்போ பெராக்சைடு?"ன்னு கேட்டான். அதுவும் பட்டறையில இருக்கிறதுதான். அதை நான் கால்நடை டாக்டர்கிட்டயே கேட்டேன். அது நிறத்தைக் கொஞ்சம் குறைக்கும், ஆனா முடி காஞ்சு வைக்கோல் மாதிரி ஆயிரும், பட்டறையில இருக்கிற கெட்டியான மருந்து தோலைச் சுட்டுரும்னு சொன்னாரு. நாய் அதை நக்கினா வாந்தி எடுக்கும். விஷம் தின்ன நாயை வாந்தி எடுக்க வைக்க டாக்டருங்களே அதைத்தான் அளவு பாத்துக் கொடுப்பாங்களாம். அந்தப் பேச்சு அதோட முடிஞ்சது.

டாக்டர்கிட்டப் போனது இன்னொரு விதத்துல நல்லதாப் போச்சு. தொடைக் கறையைக் காட்டத்தான் கூட்டிட்டுப் போனோம். அவரு அதைப் பெரிசா கண்டுக்கல. குனிஞ்சு முன்னங்காலைத் தூக்கிப் பாத்தாரு. விரல் இடுக்குல செம்பழுப்பா ஒரு நிறம் இருந்துச்சு. மருமகன், "செம்மண்ணு சார், தோப்புல கிடக்கா"ன்னான். டாக்டர் ஈரப் பஞ்சால தொடைச்சாரு. செம்மண்ணா இருந்தா பஞ்சுல வந்திருக்கணும். வரல. "இது மண்ணு இல்ல, எச்சி. இவ காலை நக்கிக்கிட்டே இருக்கா"ன்னாரு.

நாயோட எச்சியிலயும் கண்ணீர்லயும் பார்ஃபைரின்னு ஒண்ணு இருக்காம். உடம்புல பழைய ரத்தம் சிதையிறப்ப உண்டாகுறது. அது முடியில திரும்பத் திரும்பப் பட்டா துரு மாதிரி நிறம் ஏறும், வெயில் பட்டா இன்னும் கருக்கும். எல்லா நாய்க்கும் இது உண்டு. கருப்பு நாயும் செவலை நாயும் நக்கினா நமக்குத் தெரியாது. வெள்ளையிலதான் தெரியும். சரி, ஏன் நக்குறான்னு விரலைப் பிரிச்சுப் பாத்தா உள்ள உண்ணி. கடுகு மாதிரி சின்னதா நாலு, ரத்தம் குடிச்சு உப்பினது ரெண்டு. காது மடலுக்கு உள்ள இன்னும் மூணு. எங்க பக்கம் உண்ணிக் காய்ச்சல்ல எத்தனையோ நல்ல நாய் போயிருக்கு. முதல்ல சாப்பாடு குறையும், காய்ச்சல் அடிக்கும், ஈறு வெளுக்கும். நாம "வெயிலுக்குச் சோந்து கிடக்கு"ன்னு நினைச்சுக்கிட்டே இருப்போம். வெள்ளச்சிக்கு அந்த அளவுக்குப் போகல. உண்ணிக்கு மாத்திரை கொடுத்தாரு, படுக்குற இடத்தைச் சுத்தம் பண்ணச் சொன்னாரு. சாக்கை எரிச்சோம். சுவத்து விரிசல்ல சிமெண்டுப் பூசினோம். ஏன்னா உண்ணி முட்டை போடுறது நாய் மேல இல்ல, சுவத்து இடுக்குலதான்.

வண்டியில திரும்பி வர்றப்ப எனக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு. நாங்க பயந்த வாழைக்கறை அழகுக்குத்தான் கேடு. நாங்க மண்ணுன்னு நினைச்ச கறைதான் உசுருக்குக் கேடு. அந்தக் காலையும் ஷாம்பு போட்டுத் தேய்ச்சு எப்படியாவது வெள்ளையாக்கிட்டுக் கண்காட்சிக்குப் போயிருந்தா, உண்ணி உள்ளேயே இருந்திருக்கும். வெள்ளை நாய் மேல ஒரு கறையைப் பாத்தா உடனே கழுவப் போகக் கூடாது. இது எங்க இருந்து வந்துச்சுன்னு முதல்ல கேக்கணும்.

அன்னைக்கு இருந்து ஒவ்வொரு கறையா அப்படித்தான் பாத்தோம்.

செம்மண் சேறு பட்டா ஈரத்துல தேய்க்கக் கூடாது. தேய்ச்சா முடியோட அடிக்கு இறங்கிரும். காய விட்டு, கையால உதிர்த்து, பிரஷ்ஷால தட்டினா முக்காவாசி போயிரும். மிச்சத்துக்குத்தான் தண்ணி.

தொடையோட பின்பக்கம், வயித்தோரம் ஒரு மஞ்சள் இருந்துச்சு. அது மூத்திரக் கறை. மோட்டார் ரூமுக்கு வெளிய சிமெண்டுத் தளத்துல படுப்பா. தளம் பள்ளம், ஈரம் தேங்கும். பழைய கயித்துக் கட்டிலைப் போட்டு மேல பருத்தி வேட்டி விரிச்சோம். ஒரு வாரத்துல புது மஞ்சள் ஏறுறது நின்னு போச்சு.

ஆனா உடம்பு பூராவும் ஒரு மங்கல் இருந்துச்சு, குளிப்பாட்டக் குளிப்பாட்ட கூடுச்சே ஒழியக் குறையல. அதைக் கண்டுபிடிச்சது என் வீட்டுக்காரி. "தோப்பு போர் தண்ணியில துவைச்சா உங்க பனியனே துரு நிறம் அடிக்குது, நாய் மட்டும் அடிக்காதா?"ன்னு கேட்டா. போர் தண்ணி விழுற தொட்டியில சுத்திலும் செங்கல் நிறத்துல ஒரு கோடு இருக்கும். தண்ணியில இருக்கிற இரும்பு அது. ஆசையா நாங்க ஊத்தின ஒவ்வொரு குடமும் அவ மேல துருப் பூசிக்கிட்டு இருந்திருக்கு. அதுக்கப்புறம் கடைசி அலசலுக்கு மட்டும் ஊர்க் குழாய்த் தண்ணியை ரெண்டு குடம் சைக்கிள்ல கட்டிக் கொண்டு போனோம்.

இதுக்கு நடுவுல தங்கச்சி வந்தா. வெள்ளச்சி தோள்ல முள்ளு கீறியிருந்ததைப் பாத்து, பாசத்துல மஞ்சளைக் குழைச்சு அப்பிட்டுப் போயிட்டா. காயம் ஆறிருச்சு. தோள்ல பளிச்சுன்னு மஞ்சள். மருமகன் அவசரப்பட்டுத் துணி சோப்பைப் போட்டுட்டான். மஞ்சள் செக்கச் செவேல்னு ஆயிப் போச்சு. நாய் வெட்டுப்பட்ட மாதிரி நிக்குது, அவன் அழுகாத குறை. வீட்டுல சமைக்கிற பொம்பளைங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, மஞ்சள்ல சோப்புக் காரம் பட்டா செவக்கும். நல்ல தண்ணியில அலசினா மறுபடி மஞ்சளாகும். அப்புறம் வெயில் அதைத் தின்னுரும். காலை இளவெயில்ல அரை மணி நேரம் நிப்பாட்டினோம். ஒரு வாரம் ஆகுறதுக்குள்ள போன இடம் தெரியல. உச்சி வெயில்ல மட்டும் நிப்பாட்டக் கூடாது. ரோஸ் மூக்கும் காது நுனியும் வெயில்ல வெந்து தோல் உரியும்.

சீயக்காய் வேண்டாம்னு வெச்சோம், அந்தத் தூளே பழுப்பு. எலுமிச்சம்பழம் தேய்க்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு. அதைத் தேய்ச்சுட்டு வெயில்ல நின்னா தோல் புண்ணாகும்னு விட்டுட்டோம். மனுச ஷாம்புவும் வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. நாய்த் தோலுக்குப் புளிப்புத் தன்மை நம்ம தோலை விடக் குறைவு, நமக்குச் செஞ்சது அதுக்கு ஒத்துக்காது. வாரத்துக்கு ஒரு தடவை நாய் ஷாம்பு, நுரை ஒரு பொட்டு இல்லாம அலசுறது, நிழல்ல துவட்டுறது, அவ்வளவுதான். நுரை மிச்சம் இருந்தா அதுவே மஞ்சளடிக்கும், அரிப்பும் எடுக்கும்.

தங்கச்சி நீலம் போடலாமான்னு கேட்டா. வேட்டிக்கு நீலம் போட்டா வெள்ளையாத் தெரியுறது எதனாலன்னா, மஞ்சளை நீலம் அமுக்கிரும். வெள்ளை நாய்க்குன்னு விக்கிற ஷாம்புல ஊதா நிறம் இருக்கிறதும் அதுக்குத்தான். ஆனா துணி நீலம் துணிக்குத்தான். நாய் தன் உடம்பை நக்கும், வேட்டி நக்காது.

வாழைக்கறைக்கு என்ன பண்ணினோம்னு கேட்டா, ரப்பர் உறை மாட்டித் தினம் ரெண்டு வேளை தடவினோம். வேற ஒண்ணுமே இல்ல. குட்டை முடி நாய், பழைய முடி உதிர உதிரக் கறை முடியும் சேந்து உதிரும், புது முடி வெள்ளையா வரும். உள்ளங்கை அகலம் கொஞ்சம் கொஞ்சமாச் சுருங்கி, 24-வது நாள் அஞ்சு ரூவாக் காசு அளவுக்கு லேசான பழுப்பா நின்னுச்சு. முந்தின நாள் சாயங்காலம் ஒரு பழக்கமான ஆள், நாய் வளத்து விக்கிறவரு, தோப்புக்கு வந்து பாத்துட்டு, "சாக்பீஸ் தூளும் பவுடரும் கலந்து ஒரு அப்பு அப்புங்க. யாருக்குத் தெரியப் போகுது? எல்லாரும் பண்றதுதான்"னாரு. ஒரு டப்பாவையும் திண்ணையில வெச்சுட்டுப் போயிட்டாரு.

மருமகன் அந்த டப்பாவைக் கையில எடுத்து, கீழ வெச்சு, மறுபடி எடுத்தான். நிறத்தை மாத்துற பொருளைப் பூசிட்டு வளையத்துக்குள்ள நாயை நிப்பாட்டக் கூடாதுங்கிறது கண்காட்சிகள்ல பொதுவா உள்ள விதி. அது அவனுக்கும் தெரியும். அட்வான்ஸும் அவனுக்குத் தெரியும். நான் அவன் மாமன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா கேட்டிருப்பான். ஆனா நாயும் அவனுது, பொழைப்பும் அவனுது. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்: "மாப்ள, நாளைக்கு ஒருத்தன் உன்கிட்டக் குட்டி வாங்க வாரான். பூசின குட்டியா, பூசாத குட்டியான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

இதை நான் சும்மா கேக்கல. வெள்ளை நாய் வளக்குறவங்களுக்கு உள்ளூர ஒரு பயம் உண்டு. முடிக்கு நிறம் கொடுக்கிற அணு காதுக்கு உள்ளேயும் இருக்கணும், அது இல்லாமப் போனா காது வேலை செய்யாது. அதனால ராஜபாளையம் மாதிரி பூரா வெள்ளையா இருக்கிற சாதியில சில குட்டிக செவிடாப் பொறக்கும். நாங்க குட்டி தூங்குறப்ப பின்னாடி நின்னு தட்டை ஒரு தட்டுத் தட்டிப் பாப்போம். எந்திரிக்கலைன்னா அது செவிடு. அதை மறைச்சு விக்கிறவங்களும் இருக்காங்க. கறையை மறைக்கிற கை நாளைக்குக் காதையும் மறைக்கும். ரெண்டுக்கும் நடுவுல தூரம் ரொம்ப இல்ல.

மருமகன் பதில் சொல்லல. டப்பாவை எடுத்துட்டுப் போயி அந்த ஆள் வீட்டு வாசல்லயே வெச்சுட்டு வந்தான்.

கண்காட்சி அன்னைக்குக் காலையில குளிப்பாட்டல. மூணு நாளைக்கு முன்னாடியே குளிப்பாட்டியாச்சு, முடியில எண்ணெய்ப் பசை திரும்பி வந்தாத்தான் மினுமினுப்பு வரும். ஈரத் துணியால மொகம், கால், வால் அடியைத் துடைச்சோம். ஈரம் இருந்த இடத்துல மக்காச்சோள மாவைத் தூவி, உலர்ந்ததும் ஒரு துளி இல்லாம சீவி எடுத்தோம். மினி வேன்ல பழைய பெட்ஷீட் விரிச்சு ஏத்தினோம். இறங்குனதும் மண்ணுல படுக்காம இருக்க மருமகன் இன்னொரு பெட்ஷீட்டைக் கக்கத்துல வெச்சுக்கிட்டே நின்னான்.

நாட்டு நாய்ப் பிரிவுல ஆறு நாய். நடுவர் வயசானவரு. பல்லைப் பாத்தாரு, தோள்ல இருந்து வால் வரைக்கும் உள்ளங்கையால தடவினாரு. எங்களுக்கு முன்னாடி நின்ன நாயைத் தடவினப்ப அவரு கை வெள்ளையா வந்துச்சு. கையை ஒரு பார்வை பாத்துட்டு, "இதைத் தட்டிட்டு வாங்க"ன்னு அனுப்பி வெச்சாரு. அடுத்தது நாங்க. தொடையில விரலை வெச்சு, "இது என்ன?"ன்னாரு. மருமகன், "வாழைக்கறை சார், எங்க தோப்புல பட்டது"ன்னான். நடுவர் தலையை ஆட்டிட்டுக் காலைத் தூக்கி விரல் இடுக்கைப் பிரிச்சுப் பாத்தாரு. சுத்தமா இருந்துச்சு. அந்த நேரம் மருமகன் என்னைத் திரும்பிப் பாத்தான்.

ஓட விட்டுப் பாக்குறப்பதான் வந்துச்சு வினை. மைக் ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, வெள்ளச்சி நாலு காலையும் தூக்கித் துள்ளிட்டா. நடை கெட்டுப் போச்சு. மூணாவது இடம்தான் கிடைச்சுச்சு. மருமகன் மொகம் தொங்கிப் போச்சு. "விடு மாப்ள, அவளுக்குக் காது நல்லாக் கேக்குதுன்னு ஊருக்கே தெரிஞ்சிருச்சு"ன்னேன். அவனுக்கும் சிரிப்பு வந்துருச்சு.

கோயம்புத்தூர்க்காரர் சர்டிபிகேட்டைப் பாத்துட்டு, யோசிச்சுச் சொல்றேன்னு போனாரு. இதுவரைக்கும் போன் வரல. மருமகன் இன்னும் பட்டறைக்குத்தான் போறான். அதை மறைச்சு இனிப்பா எழுத எனக்கு மனசு இல்ல. ஆனா இப்ப ரப்பர் கையுறை போட்டுக்கிட்டு வேலை பாக்குறான். அந்த டம்ளரைப் பாத்ததுல இருந்துதான்.

வாழைக்கறை சித்திரையிலயே முழுசா உதிர்ந்து போச்சு. மாசம் தவறாம உண்ணிக்குப் பாக்குறோம். வர்ற தையில இன்னொரு கண்காட்சி இருக்குன்னு சொல்றாங்க. போர் தண்ணி வேண்டாம்னு, மோட்டார் ரூம் தகரத்துல இருந்து விழுற மழைத் தண்ணியைப் பிடிக்க ஒரு நீல டிரம் வாங்கி வெச்சிருக்கான் மருமகன். டிரம் தயாரா நிக்குது. மழைதான் வரணும்.